செல்லப்பிராணிகள்: இல்லை

ஜனவரி 9, திங்கள்

இந்த நோட்டு என் சொந்தக் கதை எழுத வாங்கியதல்ல. என் பிழைகளை எழுத வாங்கியது. எங்கள் டீம் லீடர் ஜெபசீலி மேடத்தின் யோசனை. தணிக்கையில் என் மதிப்பெண் இரண்டு மாதமாகத் தொண்ணூற்றைந்துக்குக் கீழேயே இருப்பதால் இன்றிலிருந்து அறுபது நாள் என்னைக் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்களாம். "தினமும் என்ன தப்பு பண்ணீங்கன்னு ஒரு நோட்ல எழுதுங்க பவானி. கையால எழுதினா மண்டைல நிக்கும்" என்றார். நாற்பத்தோரு வயதில் இம்போசிஷன். சரி, எழுதுகிறேன்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அமெரிக்காவில் ஒரு டாக்டர் தன் நோயாளியைப் பற்றி எழுதி வைப்பார். கொருக்குப்பேட்டையில் என் வீட்டு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதைப் படிப்பேன். ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டு. சரியான எண்ணைப் போட்டால் அங்கே இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்கொள்வான், தப்பாகப் போட்டால் திருப்பி அனுப்புவான். எனக்குக் கொடுத்திருப்பது மூச்சு சம்பந்தப்பட்டவை. அலர்ஜி, ஆஸ்துமா, நுரையீரல்.

இன்றைய பிழை: டாக்டர் "பூந்தாது அலர்ஜியாக இருக்கலாம்" என்று எழுதியிருந்தார். நான் பூந்தாதுக்கு உரிய ஜே 30.1 போட்டேன். தப்பு. வெளிநோயாளியின் சார்ட்டில் 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்றெல்லாம் வந்தால் அந்த நோய்க்கு எண் போடக்கூடாது. மூக்கு ஒழுகினால் மூக்கு ஒழுகுவதற்கு மட்டும் போட வேண்டும்.

"டாக்டர் எழுதியிருந்தா நடந்தது. எழுதலன்னா நடக்கவே இல்ல. நீங்களா எதையும் யூகிக்கக் கூடாது" என்றார் மேடம். பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி. எட்டு வருடம் கழித்து மறுபடியும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதை எழுதும்போது மாடியில் என் வீட்டுக்காரர் புறாக்களைக் கூண்டுக்கு அழைத்துக்கொண்டிருக்கிறார். டப்பாவில் கம்பு தானியத்தைப் போட்டுக் குலுக்கிவிட்டு ஒரு விசில் அடிப்பார். இன்று விசில் பாதியில் நின்று இருமல் வந்தது.

ஜனவரி 11, புதன்

பிழை ஒன்று. சார்ட்டின் முதல் பக்கத்தில் ஒவ்வாமை என்று மட்டும் இருந்தது, நான் ஜே 30.9 போட்டேன். 30.9 என்றால் எதனால் என்று குறிப்பிடப்படவில்லை என்று பொருள். மூன்றாம் பக்கத்தில் பூனை என்று இருந்ததாம். நாய், பூனை முடிக்கு 30.81. இரண்டு பக்கம் புரட்டச் சோம்பல்பட்டதற்கு ஒரு பிழை.

எங்கள் பிரிவில் 30.9தான் குப்பைக்கூடை. எதனால் வந்தது என்று யாரும் கேட்காத தும்மலெல்லாம் அதில் போய் விழும்.

மத்தியானம் மாத்திரை வாங்குவதற்காக அவருடைய சீட்டுகளைத் தேடினேன். இரண்டு வருடத்தில் ஒன்பது சீட்டு. ஒன்பதிலும் அதே சொல்தான், அலர்ஜி. என் வரிசையில் வந்திருந்தால் நானும் 30.9 போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன்.

கேஸ் புக் செய்தாயிற்று. இட்லி மாவு அரைக்கக் கொடுத்தாயிற்று.

ஜனவரி 14, சனி

போகி. விடிந்ததிலிருந்து தெருவெல்லாம் டயர் புகை. அவர் இருமிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டுக்காரர், பால்காரர், அயர்ன் வண்டிக்காரர் என்று எல்லோரும் புகைதான் காரணம் என்றார்கள். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. புகைக்குத் தனி எண் இருக்கிறது.

நாளைக் காலை ஆரணிக்கு, என் தம்பி வீட்டுக்குப் போகிறோம். புறாவுக்குத் தீனி போட ஆள் வைக்காமல் அவர் எங்கேயும் வர மாட்டார். என் கல்யாணத்தில்கூட இத்தனை ஏற்பாடு நடக்கவில்லை.

ஜனவரி 19, வியாழன்

நேற்று திரும்பினோம். நான்கு நாள் ஆரணியில் அவர் ஒரு தடவைகூட இருமவில்லை. தம்பி வீடு இரண்டாவது மாடி. ஒரே மூச்சில் ஏறினார். மூன்றாம் நாள் கறிக்குழம்புக்கு இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டார். "இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சு" என்றார். நானும் அதையேதான் தம்பி மனைவியிடம் சொன்னேன்.

இன்று காலையிலிருந்து கூண்டைச் சுத்தம் செய்தார். நான்கு நாள் எச்சம் காய்ந்து கெட்டியாகிவிட்டதாம். தகடு வைத்துச் சுரண்டிச் சுரண்டி, கீழே வரும்போது புருவமெல்லாம் வெள்ளை. சாயங்காலம் குளிர்க்காய்ச்சல், நூற்றொன்று. பயணக் களைப்பாக இருக்கும்.

பிழை எதுவும் இல்லை.

ஜனவரி 20, வெள்ளி

காலையில் காய்ச்சல் சுத்தமாக இல்லை. இருமல் இருக்கிறது.

ஜனவரி 25, புதன்

பிழை என்று ஒன்று விழுந்தது. ஆனால் அது என் பிழை இல்லை என்று நினைக்கிறேன், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

ஒஹாயோவில் ஒருவர், அறுபத்திரண்டு வயது. மூன்று வருட இருமல், எடை குறைந்துவிட்டது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவர் பந்தயப் புறா வளர்க்கிறாராம். கூண்டைக் கூட்டிய அன்று சாயங்காலம் காய்ச்சல் வருகிறதாம், காலையில் போய்விடுகிறதாம். நான்கு நாள் மகள் வீட்டில் தங்கினால் இருமல் நின்றுவிடுகிறதாம். டாக்டர் கடைசியில் "பறவை வளர்ப்போர் நுரையீரல் நோயாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனை வர வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்து அந்த நோயின் எண்ணைப் போட்டேன். ஜே 67.2. அது அலர்ஜி பக்கத்திலேயே கிடையாது. முப்பதிலிருந்து வெகுதூரம் தள்ளி, பஞ்சுத்தூசு, நிலக்கரித்தூசு, வைக்கோல் பூஞ்சை என்று வேலையிடத்தில் நுரையீரலைக் கெடுப்பவை இருக்கும் வரிசையில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் அந்த எண்ணைப் போட்டதே இல்லை.

மேடம் உடனே கூப்பிட்டார். "பவானி, 'இருக்கலாம்'னுதான இருக்கு?"

"ஆமா மேடம். ஆனா எல்லாம் பொருந்துது. காய்ச்சல், எடை, மகள் வீடு..."

"பொருந்துதுன்னு நீங்க எப்படிச் சொல்வீங்க? நீங்க டாக்டரா?"

"இல்ல மேடம்."

"இருமலுக்கும் மூச்சு வாங்கறதுக்கும் மட்டும் போடுங்க. ரெண்டு வாரம் முன்னாடிதான இதைப் பத்திப் பேசினோம்?"

மாற்றிப் போட்டேன். மேடம் சொல்வது சரிதான். 'இருக்கலாம்' என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்யக் கூடாது. விதி எல்லோருக்கும் பொது.

ஜனவரி 28, சனி

அவருடைய பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக் கொடுத்தேன். இந்த வருடத்தில் இரண்டாவது.

பிப்ரவரி 5, ஞாயிறு

இன்று பந்தயம். ஓங்கோலிலிருந்து காலை ஆறரைக்குத் திறந்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து புறா போயிருந்தது. அதில் கலெக்டரும் ஒன்று. நீலச் சிறகு, கழுத்தில் பச்சை மினுமினுப்பு, நடக்கும்போது யாரையும் மதிக்காத நடை. அந்த நடையைப் பார்த்து அவர் வைத்த பெயர்.

பத்து மணியிலிருந்து அவர் மாடியில் நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நான் டீ கொண்டுபோனபோது மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்திருந்தார். கைப்பிடியைப் பிடித்திருந்தார். உதடு ஒரு மாதிரி நீலமாக இருந்தது.

"இன்னாங்க, இங்கியே உக்காந்துட்டீங்க?"

"சும்மா. காத்து நல்லா வருது."

அந்தப் படிக்கட்டில் ஜன்னலே கிடையாது. நானும் அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் மேலே சிறகடிக்கும் சத்தம் கேட்டது. "கலெக்டர்" என்றார், பார்க்காமலேயே. "அவதான். வேற எவளும் இப்படித் தொப்புனு எறங்க மாட்டா." அப்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முந்தைய ஒரு வருடம் அது இல்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள், இருபது வருடம் லேத்தில் நின்ற மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். இப்போது ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் மகள் அப்போது கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டார். அப்போதுதான் மூர் மார்க்கெட் பக்கம் போய் ஒரு ஜோடி ஹோமர் பந்தயப் புறாவை அட்டைப்பெட்டியில் வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை எழுந்து பல் தேய்த்துவிட்டு அவரே பலகை தேடிப் போனார்.

ஆமாம், நான்தான் வாங்கி வந்தேன். இருபத்து நான்கு புறாவும் அந்த ஜோடியிலிருந்து வந்தவைதான்.

இனிமேல் கூண்டை நானே கூட்டுகிறேன் என்று சொன்னேன். "உனக்கு இன்னாத்துக்கு அந்த வேலை?" என்றார். உடம்புக்கு நல்லது, குனிந்து நிமிர வேண்டும் என்று டிவியில் சொன்னார்கள் என்றேன். முகத்தில் துணி கட்டிக்கொண்டு கூட்டினேன். அவர் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எந்தக் குஞ்சு எதனுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் கூட்டி என்ன பிரயோஜனம்.

பிப்ரவரி 13, திங்கள்

பிழை இல்லை. நூற்றுக்கு நூறு.

ஒஹாயோக்காரர் திரும்பி வந்தார். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வந்துவிட்டன. டாக்டர் இந்தத் தடவை 'இருக்கலாம்' போடவில்லை. புறா வளர்ப்போர் நுரையீரல் என்றே எழுதியிருந்தார். ஜே 67.2 போட்டேன். மேடம் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

டாக்டரின் குறிப்பில் ஒரு வரி இருந்தது. முதல் வருகையில் நிரப்பிய படிவத்தில் செல்லப்பிராணி இல்லை என்று இருந்ததால் நோயைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் தாமதமாகிவிட்டது என்றும், நோயாளி தன் புறாக்களைச் செல்லப்பிராணியாக நினைக்கவில்லை என்றும்.

அதற்கு எண் எதுவும் இல்லை.

அவருடைய ஆஸ்பத்திரி ஃபைல் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. எடுக்க ஸ்டூல் வேண்டும். ஸ்டூல் மாடியில் இருக்கிறது.

பிப்ரவரி 14, செவ்வாய்

ஸ்டூல் இன்னும் மாடியில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 17, வெள்ளி

எடுத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு முதன்முதலில் போனபோது கவுண்டரில் கொடுத்த படிவம். வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நான்தான் நிரப்புவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், கட்டத்தைத் தாண்டாது. பெயர் தேசிங்கு. வயது நாற்பத்தைந்து. புகை, இல்லை. மது, எப்போதாவது. செல்லப்பிராணிகள்: நாய், பூனை, மற்றவை. அதற்கு எதிரே என் கையெழுத்தில், அழகாக, 'இல்லை'.

மற்றவை. நாள் முழுக்க நான் உட்கார்ந்து துழாவுவது அந்தச் சொல்லைத்தான். 30.89 மற்றவை. 67.8 மற்றவை. மூன்றாம் பக்கத்தில் பூனை இருக்கிறதா, ஐந்தாம் பக்கத்தில் கிளி இருக்கிறதா என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் வீட்டு மாடியில் இருபத்து நான்கு இருந்தன.

அவசரத்தில் எழுதியது என்று நேற்று வரை நினைத்திருக்கலாம். புறா மாடியில் இருக்கிறது, வீட்டுக்குள் இல்லை, அதனால் தோன்றவில்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம். இது என் நோட்டு, யாரும் தணிக்கை செய்யப் போவதில்லை. பேனா அந்த வரியில் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. புறா என்று எழுதினால் டாக்டர் முதலில் அதை எடு என்பார் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அவர் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார் என்று பயந்தேன். வெறும் இருமல்தானே என்று நினைத்தேன்.

எழுதாதது நடக்கவே இல்லை. அந்த விதியை நான் அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 20, திங்கள்

லீவு போட்டேன். அதே ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டர் வேதவல்லியைப் பார்த்தோம். அவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். "டாக்டர், வீட்டு மாடில புறா இருக்கு. இருபத்தி நாலு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை வருஷமா?"

"ஆறு."

அவர் முதல் பக்கத்துக்குப் போனார். "இதுல இல்லைன்னு இருக்கே."

நான் அந்த 'இல்லை'யையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்து வீட்டுக்காரர் சொன்னார்: "நான்தான் மேடம். எனக்குச் சொல்லத் தோணல. கேட்டாங்க, இல்லன்ட்டேன்."

டாக்டர் அவரைக் கோபமாகப் பார்த்தார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா இது முழுசா சரியாகிற விஷயம் சார்" என்றார். அந்தக் கோபம் எனக்கு வர வேண்டியது. நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். சாயங்காலம் படத்தைத் திரையில் காட்டினார். நுரையீரலின் கீழ்ப்பகுதி தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. வடு. வடு ஆறாது, பரவாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். புறா ஒன்றுகூட இருக்கக் கூடாது, கூண்டும் இருக்கக் கூடாது, இறகு ஒட்டிய துணிகூட வீட்டில் இருக்கக் கூடாது. அவரை எக்ஸ்ரே அறைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். இரண்டு வருடம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் மூன்று.

சீட்டில் நோயின் பெயரை முழுதாக எழுதியிருக்கிறார். 'இருக்கலாம்' இல்லை. அதற்கு என்ன எண் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும்.

பிப்ரவரி 26, ஞாயிறு

பொன்னேரியிலிருந்து சுலைமான் பாய் டாடா ஏஸ் கொண்டுவந்தார். பந்தயத்தில் பழக்கம், அவருக்கும் ஐம்பது புறா இருக்கிறது. இவர் தெருவில் நாற்காலி போட்டு முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். நானும் பாயும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பெட்டியில் போட்டோம்.

"தேசிங்கண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்றார் பாய். "ஹோமர் புத்தி உங்களுக்கே தெரியும். வெளிய உட்டா நேரா இங்கதான் வரும். அதுங்க சாவற வரைக்கும் கூண்டுலதான் வெச்சிருக்கணும். குஞ்சு எடுத்துக்கறேன், ஆனா பறக்க உட முடியாது."

இவர் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். "தெரியும் பாய். தீனி மட்டும் கம்மி பண்ணிடாத" என்றார்.

கலெக்டரை நான்தான் பிடித்தேன். பிடிக்க ஓட வேண்டியிருக்கவில்லை. என் கையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது. உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது தெரிந்தது. வண்டி கிளம்பும்போது இவர் கையைத் தூக்கினார், பிறகு யாருக்குத் தூக்கினோம் என்று தெரியாத மாதிரி இறக்கிக்கொண்டார்.

மார்ச் 3, வெள்ளி

கூண்டைப் பிரித்துப் பலகைகளை விறகுக்குக் கொடுத்துவிட்டேன். பிளீச்சிங் பவுடர் போட்டு மாடியை மூன்று தடவை கழுவினேன். கூண்டு நின்ற இடத்தில் நான்கு செங்கல் அடையாளம் மட்டும் போகவில்லை.

இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் குளியலறை வரைக்கும் போய்வந்தால் விரலில் மாட்டும் கருவி எண்பத்தெட்டு காட்டுகிறது. நாளை ஆக்சிஜன் இயந்திரம் வருகிறது.

அவர் சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. அதற்குத்தானே நான் பயந்தேன். ஜன்னலைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

மார்ச் 10, வெள்ளி

அறுபது நாள் முடிந்தது. தொண்ணூற்றேழு. மேடம் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். "அந்த நோட்டு ஹெல்ப் பண்ணிச்சா பவானி?" என்று கேட்டார்.

பண்ணிச்சு மேடம் என்றேன்.

மார்ச் 12, ஞாயிறு

கலெக்டர் வந்துவிட்டது.

துணி காயப்போடப் போனேன். நான்கு செங்கல் அடையாளத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. கதவு எங்கே போயிற்று என்பதுபோல் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி நடந்தது. தண்ணீர் மாற்றும்போது கைக்கு அடியில் புகுந்து பறந்துவிட்டது என்று சுலைமான் பாய் போனில் வருத்தப்பட்டார்.

அவர் கீழேயிருந்தே கேட்டுவிட்டார். தொப்பென்று இறங்கிய சத்தம்.

"எடுத்துனு வா. தூரமா நின்னு காட்டு, போதும்."

"முடியாதுங்க. டாக்டர் சொன்னாங்கல்ல?"

"தெருவுல நில்லு. நான் ஜன்னலச் சாத்திட்டுக் கண்ணாடி வழியாப் பாக்கறேன்."

தெருவில் இறங்கி நின்று தூக்கிக் காட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் மூக்கில் குழாயோடு அவர் சிரித்தார். அப்புறம் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் பொன்னேரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். வந்ததும் தலைக்குக் குளித்தேன். வழியெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மார்ச் 21, செவ்வாய்

மறுபடியும் வந்திருக்கிறது. பாய் பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தத் தடவை கம்பிவலையில் இடது சிறகைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது. காலையில் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எப்படியோ இவ்வளவு தூரம் பறந்துவிட்டு, கடைசியில் தொப்பென்று இறங்க முடியாமல் மதில்மேல் தத்தித்தத்தி வந்திருக்கும், அதனால் கீழே சத்தம் கேட்கவில்லை.

சிறகு ஆறும் வரை இரண்டு நாள் மட்டும் இங்கே இருக்கட்டும் என்று நினைத்தேன். துணி கட்டிக்கொண்டு மேலே போய்க் கொஞ்சம் கம்பும் தண்ணீரும் வைத்துவிட்டு, அந்த நைட்டியை மாடியிலேயே கழற்றி வேறு மாற்றிக்கொண்டு, குளித்துவிட்டுத்தான் அவர் அறைக்குப் போனேன். எல்லாம் சுத்தமாகத்தான் செய்தேன்.

சாயங்காலம் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்பூனைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கலெக்டர் வந்துகீதா?"

"இல்ல" என்றேன்.

அவர் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீ இல்லன்னு பொய் சொல்றப்ப கீழ் ஒதட்டக் கடிப்ப. உனக்கே தெரியாது. அன்னிக்கும் கடிச்ச."

"என்னிக்கு?"

"ஆஸ்பத்திரில. ஃபாரம் எழுதறப்ப."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். பாத்துனுதான் இருந்தேன். பேனா அங்கியே நின்னுது. புறான்னு எழுதப் போறியேன்னு பயந்துனு இருந்தேன். இல்லன்னு எழுதுன பாரு, அப்பாடான்னு இருந்துச்சு." மூச்சு எடுத்துக்கொண்டார். "நீ புறான்னு எழுதப் போயிருந்தா நானே உன் கையப் புடிச்சிருப்பேன். அதான் டாக்டரம்மாகிட்ட நான்னு சொன்னேன். பொய் இல்ல அது."

நான் அழுதேன். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து அழுதேன். என்னை மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். என் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். கலெக்டரைப் பிடித்த அன்று உள்ளங்கையில் தெரிந்த அதே துடிப்பு.

"எறங்குன சத்தமே கேக்கலியே, அடி பட்டுகீதா?" என்று கேட்டார். ஆமாம், சிறகில் என்றேன். "மஞ்ச வெச்சு உடு. நாளைக்கே பாய்கிட்ட குடுத்துரு. இங்க வெச்சிருந்தா உனுக்கும் வரும்" என்றார்.

மார்ச் 22, புதன்

பாய் வந்து எடுத்துப் போனார். தனிக்கூண்டில், இரட்டைப் பூட்டு போட்டு வைப்பதாகச் சொன்னார். இந்தத் தடவை இவர் ஜன்னலுக்கு வரவில்லை. வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 3, திங்கள்

மறுபரிசோதனை. சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன், மடியில் சின்ன சிலிண்டர். ஆஸ்பத்திரியில் கணினியை மாற்றியிருக்கிறார்களாம், பழைய நோயாளிகளும் புதுப் படிவம் நிரப்ப வேண்டும் என்று கவுண்டரில் இருந்த பெண் அட்டையில் செருகிக் கொடுத்தாள். பழக்கதோஷத்தில் நான் பேனாவைத் திறந்தேன்.

"இப்டிக் குடு" என்றார்.

அவருக்கு எழுதிப் பழக்கமில்லை. லேத்துக்காரர், கையெழுத்து மட்டும்தான் போடுவார். பெயரை எழுதிவிட்டு ஒரு மூச்சு. வயதை எழுதிவிட்டு ஒரு மூச்சு. செல்லப்பிராணிகள் வரியில் 'மற்றவை' என்பதைச் சுற்றி வட்டம் போட்டார். அதற்கு எதிரே, கட்டத்தைத் தாண்டி, அடுத்த வரியிலும் இறங்கி, பெரிய பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தார். புறா. இருபத்தி நாலு. ஆறு வருசம்.

பின்னால் வரிசை நீண்டுவிட்டது. "அம்மா, நீங்க எழுதிக் குடுத்துடுங்களேன், டைம் ஆவுது" என்றாள் அந்தப் பெண்.

"இரும்மா" என்றேன். "அவரே எழுதட்டும்."